'திங்' என்றால் சாமானா, சபையா?

கே: ஐஸ்லாந்து நாடாளுமன்றத்தின் பெயர் 'அல்திங்கி'. அதில் இருப்பது ஆங்கிலத்தில் நாம் சொல்லும் அதே 'திங்'தானா?

ப: அதேதான். ஊரார் குறித்த நாளில் கூடி, வழக்குத் தீர்த்து, சட்டம் பேசிய சபைக்குப் பழைய ஜெர்மானிய மொழிகளில் இதுதான் பெயர். ஆங்கிலேயர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். ஏழாம் நூற்றாண்டின் கடைசியில் கென்ட் அரசர்கள் பிறப்பித்த சட்டத்தில் 'திங்' என்றால் சபைதான். பேனாவும் பென்சிலும் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை.

கே: சபை எப்படிச் சாமான் ஆனது?

ப: படிப்படியாக. முதலில் சபை. பிறகு சபைக்கு வந்த வழக்கு. பிறகு பேச வேண்டிய எந்த விஷயமும். கடைசியில் கையில் எடுக்கிற எந்தப் பொருளும். இந்தப் பாதையில் வேறு சொற்களும் நடந்திருக்கின்றன. லத்தீனில் 'கௌஸா' வழக்கையும் காரணத்தையும் குறித்தது. அதன் வாரிசுகளான பிரெஞ்சு 'ஷோஸ்', இத்தாலிய 'கோஸா' இரண்டும் இன்று வெறும் பொருள். ஜெர்மன் 'ஸாஹெ'வும் வழக்காக இருந்து விஷயமாகவும் பொருளாகவும் மாறியது. ஆங்கில 'ஸேக்' அதன் உடன்பிறப்பு. அந்தக் காலத்து மனிதர்கள் ஊர் கேட்க வாய் திறந்தது பெரும்பாலும் வழக்குக்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கே: ஜெர்மனிலும் 'டிங்', ஸ்வீடிஷிலும் 'டிங்'. ஒரே உச்சரிப்பா?

ப: தமிழ் எழுத்தில்தான் ஒன்று. ஜெர்மனிலும் டச்சிலும் 'வண்டி'யில் வரும் ட. ஸ்காண்டிநேவியாவில் 'பட்டு'வில் வரும் ட். பல்லுக்கு நடுவே காற்றை விடும் பழைய ஒலியை விடாமல் வைத்திருப்பவை ஆங்கிலமும் ஐஸ்லாந்து மொழியும்.

கே: யோசிப்பதைக் குறிக்கும் 'திங்க்' இதற்குச் சொந்தமா?

ப: இல்லை. அதன் உறவு ஜெர்மன் 'டெங்கன்'. நம் 'திங்'குக்கு உறவு, காலத்தைக் குறிக்கும் ஒரு கோதிக் சொல் என்பது அறிஞர் பலரின் கருத்து. நாள் குறித்துக் கூடியதால் அந்தப் பெயர்.

கே: பழைய அல்திங்கி எப்படி நடந்தது?

ப: இதைச் சொல்ல ஒரு பக்கம் போதாது. 930இல் தொடங்கியது. இடம் திங்வெட்லிர், அதாவது சபைவெளி. கட்டடம் கிடையாது, நிலம் பிளந்து எழுந்த பாறைச் சுவரின் ஓரம் திறந்த வெளி. கோடையில் இரண்டு வாரம், நாடெங்கும் இருந்து குதிரையில் வந்து தங்கினார்கள். சட்டம் ஏட்டில் ஏறாத காலம். அதனால் 'சட்டம் சொல்பவர்' என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பதவி மூன்று ஆண்டு. ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காக, நாட்டின் சட்டம் முழுவதையும் அவர் சட்டப் பாறையில் நின்று மனப்பாடமாகச் சொல்லி முடிக்க வேண்டும். 1000ஆம் ஆண்டையொட்டி, பழைய தெய்வங்களை வணங்கியவர்களும் கிறிஸ்தவர்களும் இரண்டாகப் பிரிந்து நின்றபோது, முடிவு அந்தப் பதவியில் இருந்த தோர்கெய்ரின் கைக்கு வந்தது. அவர் பழைய சமயத்தவர். ஒரு பகலும் ஓர் இரவும் போர்த்திக்கொண்டு படுத்து யோசித்தார் என்கிறது பழைய வரலாற்று நூல். எழுந்து வந்து, எல்லோருக்கும் ஒரே சட்டம், அது கிறிஸ்தவம் என்றார். தன் கட்சிக்கு எதிராகவே ஒருவர் தீர்ப்புச் சொன்ன அந்தக் காலையை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்புத்தான். 1800இல் கலைத்த சபை 1845இல் ரெய்க்யவிக்கில் மறுபடி கூடியது. ஆனாலும் 1944 ஜூன் 17 அன்று குடியரசை அறிவிக்க மக்கள் மழையில் நனைந்துகொண்டு போனது திங்வெட்லிருக்குத்தான்.

கே: வேறு எங்கே இந்தப் பெயர் பிழைத்திருக்கிறது?

ப: நார்வேயின் 'ஸ்டோர்டிங்', டென்மார்க்கின் 'ஃபோல்கெடிங்' இரண்டும் நாடாளுமன்றங்கள்: முன்னது பெருஞ்சபை, பின்னது மக்கள் சபை. ஸ்வீடனில் மாவட்ட நீதிமன்றம் 'டிங்ஸ்ரெட்'. மேன் தீவின் 'டின்வால்ட்', திங்வெட்லிர் என்ற அதே சொல்தான். அங்கே ஜூலை 5 வாக்கில் புதிய சட்டங்களை ஒரு மேட்டிலிருந்து இன்னும் அறிவிக்கிறார்கள்.

கே: ஆங்கிலத்தில் சபை அர்த்தம் அறவே போய்விட்டதா?

ப: 'ஹஸ்டிங்ஸ்' இருக்கிறதே! வைக்கிங் தலைவன் தன் வீட்டாரைக் கூட்டிய 'வீட்டுச் சபை' லண்டனில் ஒரு நீதிமன்றத்தின் பெயராகி, பிறகு தேர்தல் வேட்பாளர் ஏறி நிற்கும் மேடையானது. 1872இல் ரகசிய வாக்குச்சீட்டு வந்ததும் மேடை போனது, பேர் நின்றது.

கே: ஜெர்மனியில் பழைய அர்த்தத்தை யாரும் உயிர்ப்பிக்கவில்லையா?

ப: நாஜிகள் முயன்றார்கள். திறந்தவெளி அரங்குகள் கட்டி அவற்றுக்கு இந்தப் பெயரைச் சூட்டினார்கள். ஹைடல்பெர்க் மலைமேல் 1935இல் திறந்தது இன்றும் நிற்கிறது. எதிர்த்துப் பேச உரிமை இருந்த ஒரு சபையின் பெயரை, கைதட்ட மட்டும் கூட்டிய கூட்டத்துக்கு வைத்தது அயோக்கியத்தனம். சில ஆண்டுகளிலேயே அந்த இயக்கம் படுத்துவிட்டது. அசல் சொல் சத்தமில்லாமல் வேறு இடத்தில் இருக்கிறது: செவ்வாய்க்கிழமைக்கு ஜெர்மன் பெயரான 'டீன்ஸ்டாக்'கில், சபையைக் காத்த தெய்வத்தின் பெயராக.

கே: நார்வே மொழி படிக்கிறேன். பொருளையும் சபையையும் எப்படிப் பிரித்தறிவது?

ப: முன்னால் நிற்கும் குட்டிச் சொல்லைப் பாருங்கள். 'என் டிங்' என்றால் பொருள், 'எட் டிங்' என்றால் சபை. பன்மையில் அந்த வசதியும் இல்லை, இரண்டும் 'டிங்'. அங்கே பக்கத்துச் சொற்களைத்தான் கேட்க வேண்டும்.