ஈர் உருவுகிறவர்

ரசிகர் மாநாட்டு அரங்கில் மைக்கைப் பார்த்து முதலில் நடப்பவர் அவர்தான். மேடையில் நடிகர் இன்னும் நாற்காலியில் சரியாகச் சாய்ந்திருக்க மாட்டார். "ஒரு சின்னக் கேள்விதான்" என்று ஆரம்பிப்பார். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் காலை மாற்றி ஊன்றிக்கொள்வார்கள். கேள்விக்கு முன்னால் ஒரு முன்னுரை உண்டு, எபிசோடின் பெயர் உண்டு, ஒளிபரப்பான தேதி உண்டு, போன வருடம் இதே மேடையில் இன்னொரு நடிகர் சொன்ன பதிலில் இருந்த பிழையும் உண்டு என்பது அவர்களுக்குத் தெரியும். நாலு நிமிடம் கழித்துக் கேள்வி வந்து சேரும்: இடது கையில் இருந்த துப்பாக்கி அடுத்த ஷாட்டில் வலது கைக்கு எப்படி வந்தது? நடிகருக்கு அந்த எபிசோடே ஞாபகத்தில் இல்லை.

அமெரிக்காவில் இவருக்கு நிட்பிக்கர் என்று பெயர். நிட் என்றால் ஈர், பேன் இடுகிற முட்டை. ஆக, நம் பேச்சில் இவர் ஈர் உருவுகிறவர். அக்காவின் மடியில் தலையைக் கொடுத்துவிட்டுக் கண்ணில் நீர் முட்ட உட்கார்ந்திருந்த தங்கைகளுக்கு இந்த மனிதரை உடனே புரிந்துவிடும். பிடிக்காதவர் தலையில் யாரும் ஈர் பார்ப்பதில்லை.

1993இல் பில் ஃபாரண்ட் என்பவர் 'ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் எபிசோடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, பிழைகளைப் பட்டியலிட்டு ஒரு முழுப் புத்தகமே போட்டார். கதையில் ஓட்டை, கருவிகளில் கோளாறு, முன்னுக்குப் பின் முரண் என்று தனித்தனி தலைப்புகள். நியாயமாகப் பார்த்தால் தொடரை எடுத்தவர்களுக்குத்தான் அது உபயோகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் வாங்கித் தள்ளியவர்கள் ரசிகர்கள். 'இதை விட்டுவிட்டீர்களே' என்று அவருக்கே எழுதியவர்களும் அவர்கள்தான்.

ஸ்டார் டிரெக்தான் ஈர் உருவுகிறவருக்குத் தாய்வீடு. 1966 செப்டம்பரில் என்பிசியில் தொடங்கி, மூன்று சீசன், 79 எபிசோடோடு 1969இல் முடிந்த விண்வெளித் தொடர் அது. 1972 ஜனவரியில் நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் ரசிகர்கள் கூடியபோது, சில நூறு பேர் வந்தால் போதும் என்று நினைத்திருந்தார்கள். வந்தவர்கள் மூவாயிரத்துக்கும் மேல். நின்றுபோன தொடருக்கு இவ்வளவு கூட்டமா என்று பத்திரிகைகள் வியந்தன. தொடர் நின்றுபோனதுதான் இவருக்கு வசதி. புதிதாக எதுவும் வராதபோது பழையதையே திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருந்தது. பத்தாவது தடவை பார்க்கும்போது யார் கண்ணிலும் ஈர் படும்.

முதல் ஈர் ஒரு கல்லறையில் கிடைத்தது. தொடரின் ஆரம்ப எபிசோடு ஒன்றில் கடவுள் சக்தி பெற்றுவிட்ட கேரி மிட்செல், தன் பழைய நண்பன் கேப்டன் கிர்க்குக்கு முன்கூட்டியே கல்லறை கட்டுகிறான். கல்லில் 'ஜேம்ஸ் ஆர். கிர்க்' என்று இருக்கிறது. பிறகு தொடர் முழுக்க அவர் ஜேம்ஸ் டி. கிர்க். நடந்தது இவ்வளவுதான்: எழுதியவர்கள் அப்போது இனிஷியலை முடிவு செய்திருக்கவில்லை. இந்தப் பதிலை நம்மவரிடம் சொல்லிப் பாருங்கள். எல்.ஐ.சி. பாலிசியில் பெயர் தப்பாக இருக்கிறது என்று போனவரிடம் 'டைப்பிஸ்ட் அன்றைக்கு லீவு' என்று சொன்ன மாதிரி பார்ப்பார். அது காரணம், விளக்கம் இல்லை. விளக்கம் கதைக்குள்ளேயே கிடைக்க வேண்டும். மிட்செல் கடவுளாகிவிட்டாலும் அடிப்படையில் மனிதன்தானே, நண்பனின் இனிஷியலை மறந்திருப்பான்! சொல்லிவிட்டு நிம்மதியாகக் காப்பி குடிப்பார்.

இந்தக் கலையின் நுட்பம் இங்கேதான் இருக்கிறது. பிழை கண்டுபிடிப்பது பாதி வேலை, அது பிழையே இல்லை என்று நிரூபிப்பது மீதி வேலை. மார்வெல் காமிக்ஸின் ஸ்டான் லீ இதை 1960களிலேயே புரிந்துகொண்டார். கதையில் தப்பைக் கண்டுபிடித்து, அது ஏன் தப்பில்லை என்றும் எழுதியனுப்பும் வாசகருக்கு 'நோ-பிரைஸ்' என்று ஒரு பரிசு வைத்தார். தபாலில் உறை வரும், பிரித்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. உறை காலியாக இருக்கிறதே என்று புகார் எழுதியவர்களும் உண்டு.

1982இல் வந்த ஸ்டார் டிரெக் படமான 'தி ரேத் ஆஃப் கான்'இல் வில்லன் கான், கிர்க்கின் கப்பல் அதிகாரி செக்கோவைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்கிறான். முகத்தை மறப்பதே இல்லை என்று பெருமை வேறு. ஆனால் கான் தொடரில் வந்துபோனது முதல் சீசனில், 1967 பிப்ரவரியில். செக்கோவாக நடித்த வால்டர் கோனிக் சேர்ந்ததோ இரண்டாம் சீசனில். பார்க்காத முகத்தை மறக்காமல் இருப்பது எப்படி? கப்பலில் வேறு ஷிஃப்ட்டில் இருந்திருப்பார் என்பது ரசிகர்களின் நாகரிகமான விளக்கம். கோனிக்கே மேடைகளில் சொன்ன விளக்கம் வேறு: செக்கோவ் கழிப்பறைக்குள் போய்விட்டு வெகுநேரம் வெளியே வரவில்லையாம், கதவுக்கு வெளியே அவசரத்தில் நின்ற கான் அந்த முகத்தை எப்படி மறப்பான்?

சில ஈர்களுக்கு விளக்கம் தேவைப்படாது, கணக்கு நோட்டு போதும். 'வாயேஜர்' என்ற ஸ்டார் டிரெக் கிளைத்தொடரில் கப்பல் 70,000 ஒளியாண்டுக்கு அப்பால் போய் மாட்டிக்கொள்கிறது. ஆரம்பத்திலேயே ஒரு வசனம் வரும்: நம்மிடம் இருப்பவை 38 ஃபோட்டான் டார்பிடோ, தீர்ந்தால் வேறு கிடைக்காது. எழுதியவர் அதைச் சொல்லிவிட்டு மறந்துவிட்டார், நம்மவர் மறக்கவில்லை. ரேஷன் கடைக்காரர் சர்க்கரை போடும்போது தராசையே பார்த்துக்கொண்டு நிற்கும் பாட்டி மாதிரி ஏழு சீசனும் பென்சிலோடு உட்கார்ந்து ஒவ்வொரு டார்பிடோவுக்கும் கோடு போட்டார். கோடு 38ஐத் தாண்டி எங்கேயோ போயிற்று. நொறுங்கிய சிறு விண்கலங்களுக்குத் தனிப் பக்கம்.

ஆனால் இவரை வெறும் வம்புக்காரர் என்று ஒதுக்கிவிட முடியாது. லாரி நிவென் 1970இல் எழுதிய 'ரிங்வேர்ல்டு' நாவல் பெரிய விருதுகள் வாங்கியது. ஒரு நட்சத்திரத்தைச் சுற்றி வளையல் மாதிரி ஓர் உலகம், ஆரம் சுமார் 15 கோடி கிலோமீட்டர். அடுத்த வருடம் பாஸ்டனில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டில், எம்ஐடி மாணவர்கள் ஹோட்டல் தாழ்வாரங்களில் கோஷம் போட்டுக்கொண்டு போனார்கள். சம்பள உயர்வுக்கோ வியட்நாம் போருக்கோ இல்லை. ரிங்வேர்ல்டு நிலையாக நிற்காது என்பதுதான் கோஷம்! வளையம் கொஞ்சம் ஒரு பக்கம் நகர்ந்தாலும், நட்சத்திரத்துக்குக் கிட்டே போன பக்கத்தை ஈர்ப்பு இன்னும் பலமாக இழுக்கும். இழுக்க இழுக்க நகர்ந்து, கடைசியில் வளையம் நட்சத்திரத்தில் போய் மோதும். கணக்கு சரி, நிவெனுக்கு வேறு வழியில்லை. தொடர்ச்சி எழுதும் எண்ணமே இல்லாதிருந்தவர் பிற்பாடு இரண்டாம் நாவல் எழுதினார். வளையத்தின் விளிம்பில், அதை நிலைநிறுத்த எந்திரங்கள் பொருத்தப்பட்டிருந்தன. ஒரு கோஷத்துக்கு முழு நாவலையே பதிலாக வாங்கிய போராட்டம் வேறெதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

'ரிங்வேர்ல்டு' முதல் பதிப்பில் இன்னொரு ஈரும் இருந்தது. கதாநாயகன் பிறந்தநாளை நீட்டிக்க ஊர் ஊராகத் தாவுகிறான், கிழக்குப் பக்கமாக. கிழக்கே போனால் நாள் சுருங்கும், நீளாது. அடுத்த அச்சில் மேற்கு என்று திருத்திவிட்டார்கள். திருத்தாத பிரதிக்குத்தான் இன்றைக்குச் சேகரிப்பாளர்களிடம் மவுசு.

ஈர் உருவுகிறவருக்கு ஒரு பங்காளி உண்டு, நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்கிறவர். விமானம் நொறுங்கித் தீவில் மாட்டிக்கொண்டவர்களின் கதையான 'லாஸ்ட்' தொடர் 2004இல் ஆரம்பித்ததுமே, விமானத்தில் வந்த எல்லோரும் செத்துவிட்டார்கள், தீவு என்பது பரலோகத்துக்குப் போகும் வழியில் ஒரு சத்திரம் என்று கண்டுபிடித்தார். எடுத்தவர்கள் இல்லை, இல்லை என்று ஆறு வருடம் சொன்னார்கள். 2010இல் கடைசி எபிசோடில் பரலோகம் கொஞ்சம் வரத்தான் செய்தது. பெயர்ப் பட்டியல் ஓடும்போது ஏபிசி நிறுவனம் சும்மா அழகுக்காக நொறுங்கிய விமானத்தின் காட்சியைப் போட்டது. பங்காளிக்கு அது போதும். தான் சொன்னது சரி என்று இன்றைக்கும் நம்புகிறார்.

1986 டிசம்பரில் 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சிக்கு வந்த வில்லியம் ஷாட்னர், அதாவது கேப்டன் கிர்க்கேதான், ஒரு குறுநாடகத்தில் ரசிகர்களைக் கிழித்தார். எபிசோடில் திறந்த பெட்டகத்தின் எண் என்ன என்று ஒருவர் கேட்கிறார். ஷாட்னர் பொறுமை இழந்து, போய்ப் பிழைப்பைப் பாருங்களய்யா என்கிற பாணியில் பொரிந்து தள்ளுகிறார். சிலருக்கு நிஜமாகவே மனம் புண்பட்டது. பெட்டகத்தின் எண்ணுக்கு மட்டும் கடைசிவரை பதில் வரவில்லை.

கிளிங்கான் நெற்றிக்கு வருவோம், வராமல் முடியாது. 1960களின் தொடரில் எதிரிகளான கிளிங்கான்களுக்கு நம்மைப் போலவே வழவழப்பான நெற்றி. 1979இல் சினிமா வந்தபோது பணம் வந்தது, பணம் வந்ததும் நெற்றியில் மேடு பள்ளம் வந்தது. பதினேழு வருடம் யாரும் வாய் திறக்கவில்லை. 1996இல் 'டீப் ஸ்பேஸ் நைன்' என்ற கிளைத்தொடரின் பாத்திரங்கள் காலத்தில் பின்னோக்கிப் போய்ப் பழைய கிளிங்கான்களை நேரில் பார்த்துத் திகைக்கிறார்கள். கூட இருந்த கிளிங்கானான வோர்ஃபைத் திரும்பிப் பார்க்கிறார்கள். வெளியாட்களிடம் இதைப் பேசுவதில்லை என்று அவர் முடித்துவிடுகிறார். அவ்வளவு அழகான பதிலோடு விட்டிருக்கலாம். 2005இல் 'என்டர்பிரைஸ்' என்ற இன்னொரு கிளைத்தொடர் இரண்டு எபிசோடு செலவழித்து, மரபணு ஆராய்ச்சி, அதில் பிறந்த வைரஸ், அதனால் மேடு மறைந்தது என்று ஆதாரத்தோடு விளக்கியது. விளக்கம் கிடைத்த சந்தோஷம் ஹோட்டல் லாபி வரைதான் நீடித்தது.

"நோய் என்றால், பழைய தொடரில் வழவழவென்று இருந்த மூன்று பேர் 1994 எபிசோடில் மேட்டோடு வருகிறார்களே, எப்படி?"

"பிற்பாடு மருந்து கண்டுபிடித்திருப்பார்கள்."

"எந்த எபிசோடில்?"

"எபிசோடில் வரவில்லை. கண்டுபிடிக்காமலா இருந்திருப்பார்கள்?"

"அது உங்கள் ஹெட்கேனன்."

இவர்கள் உலகத்தில் இதைவிடப் பெரிய வசவு கிடையாது. கேனன் என்றால் திரையில் வந்தது, சாசனம். ஹெட்கேனன் என்றால் உம்முடைய மண்டைக்குள் மட்டும் ஓடுகிற எபிசோடு. இருவரும் அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் பேசினார்கள். அடுத்த வருடமும் பேசுவார்கள்.

2017இல் 'டிஸ்கவரி' என்ற கிளைத்தொடர் வந்தது. அதில் கிளிங்கான்கள் எல்லோரும் மொட்டை, மண்டையே வேறு வடிவம். ஏன் என்று கிளம்பிய கூச்சலில் அடுத்த சீசனில் முடி முளைத்தது. போர்க்காலத்தில் மழித்துக்கொள்வார்கள், போர் முடிந்ததால் வளர்க்கிறார்கள் என்று விளக்கமும் வந்தது. மொட்டைத் தலையிலேயே ஈர் கண்டவர் அவர், இப்போது முடி வேறு வளர்ந்துவிட்டது.