புகார்ப் புத்தகத்தின் ஓரம்

1987இல் நான் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தபோது எங்கள் நகராட்சியில் புகாருக்கென்று இருந்தது ஒரே ஒரு புத்தகம். காலிகோ அட்டை போட்ட நீளமான பேரேடு. தபால் பிரிவு மேசையில் கோந்து பாட்டிலுக்கும் முத்திரைப் பெட்டிக்கும் நடுவில் கிடக்கும். வரிசை எண், தேதி, பெயரும் கதவு எண்ணும், புகார் விவரம், யாருக்கு அனுப்பியது, எடுத்த நடவடிக்கை என்று பத்தி பிரித்துச் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கும். தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் காற்றுதான் வருகிறது, சாக்கடை பொங்குகிறது, செத்த நாயை எடுக்க ஆள் வரவில்லை என்று ஊரின் அன்றாட அவஸ்தைகள் அத்தனையும் அந்தப் பத்திகளுக்குள் அடங்கியாக வேண்டும். பல வருட இடைவெளிக்குப் பிறகு 1986இல் நகராட்சித் தேர்தல் நடந்திருந்ததால், கவுன்சிலர்கள் கையோடு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து எழுதவைத்துவிட்டுப் போவார்கள். புத்தகம் சீக்கிரம் நிரம்பும்.

அந்தக் காலத்தை நினைத்து ஏங்குகிறவள் இல்லை நான். அந்தப் புத்தகம் யாருக்குத் திறந்தது, யாருக்குத் திறக்கவில்லை என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கதவு எண் இல்லாமல் புகாரைப் பதிய மாட்டார்கள். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், வாய்க்கால் புறம்போக்கில் இருந்த குடிசைகளுக்குக் கதவு எண்ணே கிடையாது. இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் வந்து நிற்பார். “வரி ரசீது இருக்கா?” என்று கேட்பார்கள். இருக்காது. அடி பம்பு உடைந்து ஒரு மாதம் ஆனதைச் சொல்ல வந்தவர் சொல்லாமலே திரும்பிப் போவார். நான் அந்தப் பிரிவில் இருந்த வருடங்களில் அந்தக் குடியிருப்பின் பெயர் பேரேட்டில் வந்ததாக எனக்கு நினைவில்லை. புத்தகத்தை மட்டும் பார்க்கிற அதிகாரிக்கு அங்கே ஒரு குறையும் இல்லை என்றுதான் தோன்றியிருக்கும்.

ஆனால் அந்தப் புத்தகத்தைப் படிக்க ஒரு மனிதர் இருந்தார். எங்கள் துப்புரவு ஆய்வாளர். வாரக் கடைசியில் சாயங்காலம் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, பேரேட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் புரட்டுவார். கையில் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமுமான பென்சில். நடவடிக்கை எடுத்தாச்சு என்று எழுதியிருக்கிறதா என்பதைப் பார்க்க மாட்டார். அதைப் பார்க்க மேலாளர் இருக்கிறார். இவர் தெருப் பெயரைத்தான் தேடுவார். ஒரே தெரு மறுபடி வந்தால் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பில் ஒரு கோடு இழுப்பார்.

“ஏம்மா, இங்க பாரு. இந்தத் தெருவுல மூணு வாரத்துல மூணு புகார். ஒருத்தர் சாக்கடை தேங்குதுன்னு சொல்றார், இன்னொருத்தர் தண்ணி கலங்கலா வருதுன்னு சொல்றார், மூணாவது வீட்டம்மா குழாய்த் தண்ணி நாறுதுன்னு சொல்லியிருக்காங்க. மூணும் மூணு பேருக்குப் போயிருக்கு பாரு.”

அவர் சொன்னது சரி. சாக்கடை துப்புரவுப் பிரிவுக்குப் போயிருந்தது, அடைப்பு எடுத்துவிட்டார்கள். கலங்கல் பிட்டருக்குப் போயிருந்தது. அவர் குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்தபோது தெளிவாகத்தான் வந்ததாம். மூன்றாவது புகார் பொறியியல் பிரிவின் கோப்பில் கிடந்தது. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றுமே முடிந்த வேலை அல்லது முடியப்போகிற வேலை.

மறுநாள் விடியற்காலை தண்ணீர் விடுகிற நேரத்துக்கு அந்தத் தெருவுக்குப் போனார். குளோரின் பார்க்கிற குளோரோஸ்கோப் டப்பா எப்போதும் அவர் சைக்கிள் பையில் இருக்கும். குழாய்த் தண்ணீரைச் சிறு கண்ணாடிக் குழாயில் பிடித்து மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சள் ஏற வேண்டும். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது கணக்கு. தெரு முனையிலிருந்து வீடு வீடாகப் பிடித்துக்கொண்டே போனார். முதல் வீடுகளில் மஞ்சள் நன்றாக ஏறியது. நடுத்தெருவில் ஒரு வீட்டைத் தாண்டியதும் நிறம் ஏறவே இல்லை. அந்த இடத்தில் தோண்டச் சொன்னார். வீட்டு இணைப்பின் ஜி.ஐ. பைப் ஒன்று சாக்கடைக்குள்ளேயே குறுக்காகப் போயிருந்தது. துரு தின்று விரல் நுழைகிற ஓட்டை. தண்ணீர் வருகிற நேரத்தில் அந்த ஓட்டை வழியாக நல்ல தண்ணீர் வெளியே கசியும். தண்ணீர் நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் இறங்கி, வெளியே இருக்கிற சாக்கடையை உள்ளே இழுக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் விடுகிற ஊர்களில் இன்றைக்கும் நடப்பது இதுதான்.

அந்தக் காலத்தில் நான் கற்றுக்கொண்டதிலேயே பெரியது இந்தச் சங்கதிதான். அசுத்தத் தண்ணீரால் வருகிற மஞ்சள் காமாலை, கிருமி உள்ளே போய் இரண்டிலிருந்து ஆறேழு வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். தண்ணீர் நாறுகிறது என்ற புகாரோ அன்றைக்கே வந்துவிடுகிறது. ஆஸ்பத்திரிக்குத் தெரிவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே நகராட்சிக்குத் தெரிந்துவிடுகிறது, யாராவது உட்கார்ந்து படித்தால். அந்தத் தெருவின் குழாயை மாற்றியதோடு ஆணையர் நிற்கவில்லை. ஊர் முழுக்கச் சாக்கடையைக் கடக்கிற வீட்டு இணைப்புகளைப் பிட்டர்கள் பட்டியல் எடுத்தார்கள். ஒரு பெண்மணி நாற்றம் என்று எழுதிய ஒற்றை வரியிலிருந்து அந்தப் பட்டியல் பிறந்தது. அந்த அம்மாளுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. யாராவது போய்ச் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

இன்றைக்கு வருவோம். மாநகராட்சிகளுக்குப் புகார் எண்கள் உண்டு, சென்னைக்கு 1913. மாநிலம் முழுவதற்கும் முதல்வரின் உதவி மையம் 1100. 2021இல் ‘முதல்வரின் முகவரி’ துறை, 2023 டிசம்பரில் ‘மக்களுடன் முதல்வர்’, 2025 ஜூலையில் ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம்கள். திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள். உள்ளாட்சி ஊழலையும் முறைகேட்டையும் விசாரிக்க 2014ஆம் வருடச் சட்டத்தில் முறைமன்ற நடுவம். புகார் சொல்ல வழியில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இதை நான் மனசாரக் கொண்டாடுகிறேன். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இப்போது கூரை வீடுகள் குறைவு. பட்டா கிடைத்துத் தளம் போட்ட வீடுகள், வாசலில் குழாய். அங்கே ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவுக்குக் கணக்கு எழுத உதவுவதற்காக, ஓய்வு பெற்ற பின் நான் போய்வருகிறேன். கல்லூரிக்குப் போகிற பெண் ஒருத்தி திண்ணையில் உட்கார்ந்தபடியே போனில் புகார் போடுகிறாள். வரி ரசீது யாரும் கேட்பதில்லை. ஒரு நிமிடத்தில் புகார் எண் வருகிறது. நாற்பது வருடம் முன்னால் மேசையருகே நின்று திரும்பிப் போன பெண்களுக்கு இது கிடைத்திருந்தால் எத்தனை உயிரும் மானமும் மிஞ்சியிருக்கும் என்று நினைத்து எனக்குத் தொண்டை அடைத்திருக்கிறது.

அதே திண்ணையில்தான் இன்னொன்றையும் பார்த்தேன். “அக்கா, இதப் பாருங்க” என்று குழுப் பெண்கள் போனை நீட்டினார்கள். தங்கள் புகார் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு முடித்து வைக்கப்பட்டது. அதற்குக் கீழே அதே தெரு, அதே குழாய், வேறு எண், வேறு தேதி, முடித்து வைக்கப்பட்டது. சிலவற்றில் பிளீச்சிங் பவுடர் தூவிய சாக்கடையின் போட்டோ. சிலவற்றில் ‘நிதி பெறப்பட்டவுடன் பணி மேற்கொள்ளப்படும்’ என்ற பதில். அதுவும் முடிந்த கணக்கில்தான். குழாய்த் தண்ணீர் மட்டும் முதல் பத்து நிமிடம் பழுப்பாகவே வந்துகொண்டிருந்தது.

ஆபீசில் இருக்கிற பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆய்வுக் கூட்டத்தில் கேட்கப்படுவது நிலுவை எத்தனை என்பதுதான். நாள் கடந்த புகார் சிவப்பில் தெரியும். சிவப்பு இருந்தால் நின்றுகொண்டே திட்டு வாங்க வேண்டும். ஆள் பற்றாக்குறையில் ஒருவர் மூன்று மேசை பார்க்கிறார். அவரால் முடிந்தது புகாரை முடிப்பது. மனுவுக்கு ஒரு மாதத்தில் பதில் தர வேண்டும் என்ற விதி, பதில் தராமல் கோப்பைக் கிடப்பில் போட்டவர்களை வழிக்குக் கொண்டுவரப் போட்ட நல்ல விதி. அந்த விதியின்படி பதில் போகிறது. ஒரே தெருவிலிருந்து மறுபடி மறுபடி வந்ததா என்று அந்த விதி கேட்கவில்லை. மேலே இருப்பவர்களும் கேட்கவில்லை. எல்லோருடைய புகாரும் உள்ளே வருகிறது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படிக்கிற ஆளை அலுவலகம் வேலைக்கு வைக்கவில்லை.

நடுவே ஒரு கொடுமையான காலமும் கடந்தது. 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. 2022 பிப்ரவரி வரை நகர்ப்புறத் தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர்கள் ஆட்சி. வார்டை நடந்து பார்க்கிற கவுன்சிலர் ஒருவர்கூட இல்லாத அந்த ஐந்து வருடங்களுக்கு மேலான காலத்தில், தெருக்களைப் பற்றிய ஞாபகமே நகராட்சியிலிருந்து கழன்றுபோனது என்பது என் கருத்து.

மகளிர் குழுவில் பேசி ஒரு காரியம் செய்தோம். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. எங்கள் நாலு தெருவிலிருந்து ஒரு வருடத்தில் வந்த புகார்கள் அத்தனையும், தேதி, வகை, எடுத்த நடவடிக்கையோடு வேண்டும் என்று கேட்டோம். பொதுத் தகவல் அலுவலர் கெடுவுக்குள் கொடுத்துவிட்டார். அவரைப் பாராட்ட வேண்டும். குழு கூடுகிற கொட்டகைச் சுவரில் ஒரு பெரிய தாளை மாட்டி, அதில் தெருக்களை வரைந்து, வீடு வீடாகப் பொட்டு ஒட்டினார்கள். தண்ணீருக்கு நீலம், சாக்கடைக்குக் கறுப்பு, மழைநீர் தேங்குவதற்குப் பச்சை. மூன்று நிறமும் ஒரே மூலையில் போய்க் குவிந்தன. அலுவலகக் கணக்கில் இவை மூன்று வெவ்வேறு வகை, மூன்று பிரிவுகளுக்குப் போனவை.

வார்டுக்குள் மக்கள் கூடிப் பேசுகிற பகுதி சபைக்கு 2022இல் விதிகள் வந்தது இந்த மாதிரி வேலைக்கு உதவியது. கவுன்சிலர் முன்னிலையில் அந்தத் தாளை விரித்தோம். வந்திருந்த உதவிப் பொறியாளர் சின்னப் பையன். நெடுநேரம் பார்த்தார்.

“மேடம், இது ஒவ்வொண்ணும் எனக்கு வந்ததுதான். தனித்தனியா வந்துச்சு. இப்படி ஒரே தாள்ல நான் பார்த்ததில்ல.”

அவர் குரலில் சமாளிப்பு இல்லை. அடுத்த வாரம் மூலையைத் தோண்டினார்கள். நாற்பது வருடம் முன்பு போல வீட்டு இணைப்பு இல்லை. இந்தத் தடவை வால்வுக் குழி. சிமெண்ட் சாலையைப் பழையதன் மேலேயே மேலேயே போட்டு, குழி தரைமட்டத்துக்குக் கீழே போய்விட்டது. மழை பெய்தால் தண்ணீர் அங்கேதான் வந்து நிற்கும். பக்கத்துச் சாக்கடையும் அதில்தான் வழியும். வால்வின் கழுத்தில் கசிவு. குழாயில் தண்ணீர் விடாத நேரமெல்லாம் அந்தக் குழியில் தேங்கியதை நாலு தெருக் குழாய்களும் உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கின்றன. சாலை போட்டபோது குழியை உயர்த்திக் கட்டியிருந்தால் இந்த வினை வந்திருக்காது. அப்படிக் கட்டச் சொல்கிற ஒப்பந்த நிபந்தனை ஒன்று சேர்க்க வேண்டும் என்று பகுதி சபையில் தீர்மானம் எழுதினோம்.

இப்போது நகர்மன்றத்துக்கு நான் கொடுத்திருப்பது ஒரே ஒரு பக்க மனு. மாதாந்திரக் கூட்டத்தில் முடித்த புகார் எண்ணிக்கையோடு, ஒரே தெருவிலிருந்து மூன்று முறைக்கு மேல் வந்த புகார்களின் பட்டியலையும் வைக்க வேண்டும். அதில் ‘காரணம்’ என்று ஒரு பத்தி இருக்க வேண்டும். அந்தப் பத்தி நிரம்பும் வரை அந்தப் புகார் முடிந்ததாகக் கொள்ளக் கூடாது. முடித்தபின் புகார் சொன்னவருக்கு என்ன கண்டுபிடித்தோம் என்று சொல்ல வேண்டும். புதுக் கணினி வாங்க வேண்டியதில்லை, இருக்கிற தகவலைத் தெருவாரியாகப் பிரித்தால் போதும். ஒப்புகைச் சீட்டு மூன்றாம் நாளே வந்தது. தலைவர் பார்க்கிறேன் என்றிருக்கிறார். அந்தப் பொறியாளர் அதற்குக் காத்திருக்காமல், அந்தச் சாலையில் மிச்சமிருக்கிற வால்வுக் குழிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டு வருகிறார். எங்கள் குழுப் பெண்கள் தண்ணீர் விடுகிற காலைகளில் முதல் குடத்தின் நிறத்தை நோட்டில் எழுதி அவருக்கு அனுப்புகிறார்கள்.