200 ரூபாய்க்கு அழுத பேரன்

வாடா ராசா, உக்காரு. அந்தப் பக்கம் வேண்டாம், காப்பிப் பழம் காயுது, மிதிச்சுப்புடாதே. கம்பெனிக்காரன் சம்பளத்துல ஷூ வாங்கியிருக்க, கீழ பாத்து நடக்கத்தான் யாரும் சொல்லித் தரல.

விஷயத்தை உங்க பாட்டி சொன்னா. ஓசூர்ல ரூம்பு, பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில வேலை. அத்திப்பள்ளி எல்லையைத் தினம் ரெண்டு தரம் தாண்டற. தமிழ்நாட்டுல தின்னு தமிழ்நாட்டுல படுக்கறவன்கிட்ட கர்நாடகாக்காரன் மாசம் 200 ரூவா எப்படி வெட்டலாம்னு கேக்க வத்தல்மலை ஏறி வந்திருக்க. அத்தனை வளைவுல தலை சுத்தியும் தெளியல பாரு, அதான் எனக்கு ஆச்சரியம்.

எனக்கெப்படி இதெல்லாம் தெரியும்னு முழிக்காத. தருமபுரியில ஒரு ஆடிட்டர் ஆபீசுக்கு நம்ம மொளகும் காப்பித்தூளும் நாந்தான் கொண்டுபோய்க் குடுக்கறேன். காசு வர்ற வரைக்கும் பெஞ்சுல உக்காந்திருப்பேன். காதுக்கு வரி இல்லையே.

அந்த 200க்குப் பேரு தொழில் வரி. படுக்கற எடத்துக்கு இல்ல, பொழைக்கற எடத்துக்கு. சந்தையில கடை விரிச்சா சுங்கக்காரன் வந்து நிப்பான். ராத்திரி எந்த ஊர்ல தூங்குவன்னா கேப்பான்? கர்நாடகாவுல மாசம் 25,000 தொட்டாச்சுன்னா வரி. 2023 ஏப்ரலுக்கு முன்னாடி 15,000லயே புடிச்சிட்டிருந்தான். நம்ம பக்கம் அதைப் பஞ்சாயத்தும் நகராட்சியும் மாநகராட்சியும் ஆறு மாசத்துக்கு ஒரு தரம் வாங்கிக்கும். ஆறு மாச வரும்படி 21,000 வரைக்கும் ஒண்ணும் கெடையாது. ஓசூர் மாநகராட்சி உங்கிட்ட வந்து கேட்டுச்சா? கேக்காது. உன் தொழில் அங்க இல்லையே. அப்புறம் எதுக்குடா மூக்கு வழியுது?

அழுகையைக் கொஞ்சம் மிச்சம் வெச்சுக்கோ. அடுத்த மாசம் பிப்ரவரி, 300 வெட்டுவான். 2025லேர்ந்து அப்படித்தான். பதினோரு மாசம் 200, ஒரு மாசம் 300, கூட்டிப் பாரு, 2,500. அரசியல் சட்டத்துல 276ஆம் பிரிவு போட்ட வேலி அது. மொதல்ல 250 தான் இருந்துச்சு, 1988ல 2,500 ஆக்குனாங்க. உங்கப்பன் டவுசர் போட்டுக்கிட்டு ஓணான் அடிச்ச காலம். அன்னைக்கு நட்ட வேலி இன்னும் அதே எடத்துல நிக்குது. இதுவும் பொறுக்காதுன்னா டில்லிக்குப் போயிரு, அங்க தொழில் வரியே கெடையாது. ரயில் சார்ஜை மட்டும் விசாரிச்சுக்கோ.

அப்புறம் என்னமோ சொன்னியாம், நாம மலைவாசி, பழங்குடிக்கு வருமான வரியே இல்லைன்னு. எவன்டா சொன்னான்? அந்தச் சலுகை நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம், அருணாசலம், திரிபுரா, லடாக்கு மாதிரி மலைகளுக்குத்தான். அதுலயும் அந்த மண்ணுல சம்பாதிச்ச காசுக்குத்தான். அந்த நாகா பையனே பெங்களூருல உன் பக்கத்து நாற்காலியில உக்காந்தா உன்னாட்டமே கட்டணும். மலையில பொறந்தாப் போதாது, அந்த மலையிலயே சம்பாதிக்கணும். நம்ம வத்தல்மலை அந்தப் பட்டியல்லயே இல்ல, நீ எதுக்குச் சட்டையைக் கழட்டற?

மலையிலயே சம்பாதிக்கறதுன்னா என்னை மாதிரி இருக்கணும். காப்பியைப் பழமா பறிச்சு வித்தா அது வெள்ளாமை, வருமான வரி எட்டிப் பாக்காது. நானே பருப்பாக்கிப் பக்குவம் பண்ணி வித்தா லாபத்துல நூத்துக்கு 25 பங்கு கணக்குல ஏறும். வறுத்து அரைச்சுப் பொட்டலம் போட்டா 40. அதுக்கு உங்க பாட்டி என்ன சொல்றா தெரியுமா? வறுக்கற கைக்கு இருக்கற மதிப்பு பறிக்கற கைக்கு இல்லையாம்.

பெரிய கூத்து கனடாவுல. என் தங்கச்சி பேத்தி ஒட்டாவாவுல இருக்கா, ஆத்துப் பாலம் தாண்டி கட்டினோவுல வேலை. இந்தக் கரை ஒன்டாரியோ, அந்தக் கரை கியூபெக். இங்க மாதிரி இல்லடா, அங்க மாகாணமும் தனியா வருமான வரி போடும். சம்பளத்துல வெட்டறது வேலை பாக்கற மாகாணத்துக் கணக்குப்படி, கடைசியில வரி கட்டறது டிசம்பர் 31 அன்னைக்குக் குடியிருக்கற மாகாணத்துக்கு. வருசம் பூரா கியூபெக்குக்காரன் வெட்டறான், ஏப்ரல்ல இவ கணக்குக் குடுத்து அதை ஒன்டாரியோ கணக்குல கழிச்சுக்கறா. இதையே திருப்பிப் போடு. கட்டினோவுல குடியிருந்து ஒட்டாவாவுல வேலை பாக்கறவன் கம்மியா வெட்டிட்டாங்கன்னு வருசம் பூரா சிரிச்சுக்கிட்டிருப்பான். ஏப்ரல்ல மத்திய சர்க்காருக்கு ஒண்ணு, கியூபெக்குக்கு ஒண்ணுன்னு ரெண்டு கணக்கு எழுதி மிச்சத்தையும் கட்டுவான். ஓய்வூதியத்துக்குப் புடிக்கறதுகூட கியூபெக்குல தனித் திட்டம். உன் பி.எஃப். நம்பர் ஓசூர்னாலும் ஒடிசான்னாலும் ஒண்ணுதான். அதுக்காவது ஒரு கும்புடு போடு. 31ஆம் தேதி கட்டிலை மட்டும் அக்கரைக்குத் தூக்கிட்டுப் போறேன்னு கெளம்பிடாதே, வீடு எங்க, பொண்டாட்டி புள்ளை எங்கன்னு பாப்பான். உனக்குத்தான் பொண்டாட்டியே இன்னும் அமையல.

சரி, இப்ப நான் கேக்கறதுக்குச் சொல்லு. அக்டோபர்ல கம்பெனி மாறினியே, பழைய எடத்துல வாங்கின சம்பளத்தைப் புதுசுகிட்ட எழுதிக் குடுத்தியா? தலையைச் சொறியாத.

போன வருசம் நான் ரெண்டு வியாபாரிக்குக் காப்பி வித்தேன். ஒருத்தனுக்கு ஆறு மூட்டை, இன்னொருத்தனுக்கு ஏழு. அவனவன் தன் மூட்டையை மட்டுந்தான் எடை போட்டான். மொத்தம் பதிமூணுன்னு தெரிஞ்சது எனக்கு மட்டுந்தான். உன் கதையும் அதேதான். ஏப்ரல்லேர்ந்து ஆறு மாசம் லட்சம் லட்சமா 6 லட்சம். அவன் வருசத்துக்கு 12 லட்சம்னு கணக்குப் போட்டான், 75,000 கழிச்சான், 12 லட்சத்துக்குள்ள அடங்கிருச்சு, வரி சைபர். புதுக் கம்பெனியில மாசம் 1,20,000, ஆறு மாசத்துக்கு 7,20,000. நீ வாயைத் தொறக்கல, அவனும் சைபர் போடறான். ரெண்டையும் கூட்டினா 13,20,000. 75,000 போனா 12,45,000. வேலியை 45,000 தாண்டிட்ட. கொஞ்சமாத் தாண்டினா தாண்டினதுக்கு மேல வரி போகாது. தாண்டினது 45,000, வரியும் 45,000, மேல செஸ்ஸு 1,800. ஆக 46,800 ரூவா. சும்மா விட்டா அதுக்கு வட்டி வேற.

200 ரூவாய்க்கு மலை ஏறினவன் 46,800ஐக் கீழயே மறந்து வெச்சுட்டு வந்திருக்க. இன்னும் மூணு சம்பளம் பாக்கி இருக்கு. திங்கக்கெழமை போனதும் பழைய சம்பளக் கணக்கைப் புதுசுகிட்ட நீட்டு. மாசம் 15,600ஆ வெட்டிருவான், ஒரேயடியா விழாது.

அந்த 15,600ஐப் பாத்து மறுபடி மலை ஏறி வராத. வந்தா இந்தப் பழத்தைக் கெளறி விடற வேலை உனக்குத்தான்.

பஸ்ஸு சத்தம் கேக்குது, பையை எடு. காப்பித்தூள் ரெண்டு பொட்டலம் வெச்சிருக்கா உங்க பாட்டி, அவ கையில 200 ரூவா குடுத்துட்டு எறங்கு. வாரா வாரம் வாங்குவா. அவளுக்கு 276ஆம் பிரிவெல்லாம் செல்லாது.