சாமான் துண்டில் இடைச்செருகல்: கல்முனைக் கரையோரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

மருதமுனை தொடக்கம் பொத்துவில் வரையான கரையோரத்தில், ஒரு இறாத்தல் பாண் வாங்கப் போனவர் பாணோடு ஒரு பிளாஸ்டிக் வாளியையும் பூப்போட்ட மேசை விரிப்பையும் காவிக்கொண்டு வீடு திரும்பும் நிகழ்வை ஆய்வுலகம் இன்றுவரை கண்டுகொள்ளவில்லை. கல்வெட்டுக்குக் கருத்தரங்கு உண்டு, நாட்டார் கவிக்கு மாநாடு உண்டு, வாளிக்கு ஒன்றுமில்லை. இக்குறையை இவ்வாய்வு நீக்கும். நீக்காத இடங்கள் ‘மேலும் ஆய்வுக்குரியவை’ எனக் கொள்ளப்படும்; ஆய்வேடுகளில் பாதி அந்த ஒரு வசனத்தை நம்பித்தான் நிற்கின்றன.

ஆய்வுப் பிரச்சினை வருமாறு: நாற்பது வயதில் உத்தியோகத்தை விட்டுவிட்டு மிச்சக் காலத்தைச் சேமிப்பில் ஓட்ட நினைக்கும் ஒருவர், மேற்படி வாளியை வாங்காமல் வருவது எப்படி?

முன்னோர் ஆய்வுகள் மேற்கில் மலிந்து கிடக்கின்றன. விக்கி ரொபினும் ஜோ டொமிங்கெஸும் 1992இல் வெளியிட்ட நூல், செலவிடும் ஒவ்வொரு காசையும் அதை உழைக்கப் போன ஆயுள் நேரமாக மாற்றிப் பார்க்கச் சொன்னது. அம்முறைப்படி மேசை விரிப்பு ஒன்றின் விலை ரூபாயில் இல்லை, அரை நாள் ஆயுளில் இருக்கிறது. 1994இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் தம் நாட்டுச் சந்தையின் பழைய கணக்குகளைக் கிளறினார். ஓய்வின் முதலாண்டில் சேமிப்பின் 4 வீதத்தை எடுத்து, பிறகு விலைவாசிக்கேற்பக் கூட்டிக்கொண்டு போனால் 30 வருடங்களுக்குள் முதல் கரையாது என்று கண்டார். தலைகீழாகச் சொன்னால், ஆண்டுச் செலவைப் போல் 25 மடங்கு கையில் இருந்தால் மேலதிகாரிக்கு ஸலாம் சொல்லிவிட்டு வரலாம்.

மன அடக்கத்துக்கு மேற்கின் ஆதார புருஷர் உளவியலாளர் வால்டர் மிஷல். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பாலர் பாடசாலையில் பிள்ளையின் முன்னால் மார்ஷ்மெல்லோ போன்ற இனிப்பை வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் தின்னாமல் பொறுத்தால் இன்னொன்று தருவதாகச் சொல்லிப் போனார். பொறுத்த பிள்ளைகள் பிற்காலத்தில் பரீட்சையில் நன்றாகச் செய்தார்கள் என்று கண்டு உலகமே வியந்தது. 2018இல் வேறு ஆய்வாளர்கள் அதிகப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தபோது, வீட்டு வசதியையும் தாயின் படிப்பையும் கணக்கில் எடுத்ததும் அந்த வியப்பில் பெரும்பகுதி கரைந்துபோனது. அரை நூற்றாண்டு ஆகியும் இரு தரப்பாரும் ஒன்றைக் கவனிக்கவில்லை. அந்த மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் உண்டு. கல்முனைப் பிள்ளையிடம் நீட்டியிருந்தால் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஹலால் முத்திரை இல்லை என்று மேசையிலேயே விட்டிருக்கும். கரையோரம் முழுவதும் மன அடக்கத்தில் நூற்றுக்கு நூறு. அதே மேசையில் தொதல் வைத்திருந்தால் பெறுபேறு வேறு. வரப்போகும் இரண்டாம் துண்டுக்கும் பிள்ளை அப்போதே கை நீட்டியிருக்கும்.

இப்பிரதேசத்து அவசரச் செலவு ஐவகைப்படும். பெருநாட் செலவு, கடமை என்பதால் ஆய்விலிருந்து விலக்கப்படுகிறது. கொடியேற்றச் செலவு, கல்முனைக் கடற்கரைப் பள்ளி வளவில் பிள்ளையின் கையை விட்ட கணத்தில் நிகழ்வது. வெளிநாட்டிலிருந்து வந்தவரின் செலவை ஆராய வந்தவரின் லீவு போதாது. இணையச் செலவு பின்னர் வரும். ஐந்தாவது சாமான் துண்டுச் செலவு. இதற்குத் தனி அதிகாரம் தேவைப்படுகிறது.

சாமான் துண்டு என்பது உம்மா எழுத, வாப்பாவோ மகனோ கடைக்கு எடுத்துச் செல்லும் ஒற்றைத்தாள் ஏடு. கிடைத்த பிரதிகளுள் தொன்மையானதும் நம்பகமானதும் ‘அ’ பிரதியாகும் (விண்ணப்பப் படிவத்தின் பின்பக்கம், நீல மை, ஓரம் கிழிந்தது, மீன் வாடை). அதன் பாடம்: சீனி 1 கிலோ, பருப்பு அரைக் கிலோ, மாசி 100 கிராம், தீப்பெட்டி. கடைக்காரரின் பில்லாகிய ‘ஆ’ பிரதியிலோ சீனியும் பருப்பும் மாசியும் இருக்கின்றன. கூடவே பப்படம் இரண்டு பக்கற், சோடா, சுடுநீர் ஊற்றினால் நிறம் மாறும் கோப்பை ஒன்று. தீப்பெட்டியைக் காணவில்லை.

பழந்தமிழ் ஏடுகளில் எவனோ ஒருவன் இடையில் நுழைத்த பாட்டைப் பதிப்பாசிரியர் பிடித்து வெளியே போடுவார். கோப்பையும் அவ்வகை இடைச்செருகலே. ஆனால் நுழைத்தவர் யார் என்பதில் அறிஞர்கள் பிளவுபட்டுள்ளனர். சாய்ந்தமருதுக் கட்சியினர், துண்டைக் கொண்டுபோனவரே குற்றவாளி என்பர் (கடன் கொப்பி, நீல மட்டை, பக். 14). நிந்தவூர்க் கட்சியினர் இதை மறுத்து, கோப்பையைக் கண் மட்டத்தில் கட்டித் தொங்கவிட்ட கடைக்காரரே ஆசிரியர், மற்றவர் வெறும் படியெடுப்பாளர் என்பர் (மேற்படி, பக். 15, மஞ்சள் கறைக்குக் கீழே). அக்கரைப்பற்றில் நிலவும் மூன்றாவது கருத்து அபாயகரமானது: உம்மாவே கோப்பையை மனதில் வைத்துத்தான் துண்டை எழுதினார், வெளிப்படையாக எழுதாது விட்டது ஒரு பாவனை (மேற்படி, மேற்படி, மூத்த மகள் கணக்குப் பாடம் செய்த ஓரம், ஒப்பிடுக: பிஸ்கட் ரின், அலுமாரி இரண்டாம் தட்டு, பொத்தான்களுக்கு அடியில் கிடந்த இன்னொரு துண்டு, அஸருக்குப் பின் முன்வீட்டு உம்மம்மா வாசித்துக் காட்டியது, கண்ணாடி இல்லாமல்). மூன்றாம் கருத்தே சரி. இதை இவ்வாய்வாளர் ஏற்கெனவே ஐயத்துக்கிடமின்றி நிறுவியுள்ளார் (காண்க: இதே பத்தி, மேலே).

தீப்பெட்டி மறைந்தது எப்படி என்பது பெரும் ஆய்வுக்குரியது. துண்டில் இல்லாதது வருகிறபோது துண்டில் உள்ள ஒன்று விடுபடுகிறது. விடுபட்டதை வாங்க இரண்டாம் முறை கடைக்குப் போகவேண்டி வருகிறது, அங்கே இரண்டாம் இடைச்செருகல் நிகழ்கிறது. ஒரு தீப்பெட்டிக்காக மூன்று முறை போய்வந்த குடும்பம் ஒன்றின் சுவடிக்கட்டு கைவசம் உள்ளது. நிதி கிடைத்தால் பதிப்பிக்கலாம்.

இனிப் பெங்கனின் கணக்கைக் கரையோரத்துக்குக் கொண்டு வருவோம். அவர் பாதிப் பணத்தைப் பங்குகளிலும் பாதியை அரசாங்கக் கடன்பத்திரத்திலும் வைத்துக் கணக்குப் பார்த்தார். கடன்பத்திரம் தருவது வட்டி, வட்டி ஹராம். பாதிக் கணக்கு பள்ளிவாசல் படியிலேயே நின்றுவிடுகிறது. 2011இல் தொடங்கிய அமானா வங்கி போன்றவை இலாபப் பங்கு தருகின்றன என்று சமாதானம் சொன்னாலும், அடுத்து ஸக்காத் நிற்கிறது. 85 கிராம் தங்கத்தின் பெறுமதி, அதாவது பத்தரைப் பவுணுக்குச் சற்று மேல், ஒரு சந்திர ஆண்டு கையில் தங்கினால் அதில் 2.5 வீதம் உரியவர்களுக்குப் போகவேண்டும். 4இல் 2.5 போனால் மிச்சம் 1.5. எல்லாவற்றையும் காசாக வைத்திருப்பவருக்கு 25 மடங்கு போதாது. 66 மடங்குக்கு மேல் வேண்டும். நாற்பதில் ஓய்வு என்பது நூற்றுப்பத்தில் ஓய்வாகிறது.

இதைப் பெங்கன் சொல்லித் தெரிந்துகொள்ளும் நிலையில் வயல் சொந்தக்காரரான போடியார்மார் இருக்கவில்லை. வயலின் பெறுமதிக்கு ஸக்காத் கிடையாது, விளைச்சலுக்குத்தான் உண்டு: மழையில் விளைந்தால் பத்தில் ஒன்று, செலவழித்துத் தண்ணீர் பாய்ச்சினால் இருபதில் ஒன்று. உடுத்தும் நகைக்கு ஷாபிஈ மத்ஹபில் ஸக்காத் இல்லை. ஆகவே வயல், வளவு, கழுத்து ஆகிய மூன்றுமே இக்கரையின் பழைய வங்கிகள். அவசரச் செலவைக் கட்டுப்படுத்துவதில் வயலுக்கு நிகர் எதுவுமில்லை. ஒரு ஏக்கரை விற்றுக் கோப்பை வாங்க நினைப்பவர் சட்டத்தரணியைக் கண்டு, உறுதி முடித்து, மச்சான்மாரின் சம்மதம் பெற்று வருவதற்குள் கோப்பையின் நிறம் தானாகவே மாறிப்போகும்.

ஆனால் மேற்கின் கணக்கில் அறவே இல்லாத ஒரு பதம் இங்கே உண்டு: பெண்பிள்ளைகளின் எண்ணிக்கை. கிழக்குக் கரையில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவதே வழக்கம். ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு எழுதிக் கொடுக்கவேண்டும். பல குடும்பங்களில் மூத்த மகளுக்குத் தாங்கள் இருந்த வீட்டையே கொடுத்துவிட்டு, பெற்றோர் மிச்சப் பிள்ளைகளோடு வளவின் மறுபக்கம் புதிதாக அத்திவாரம் போடுகிறார்கள். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்து, இத்தாய்வழிக் குடிமுறையையும் சீதன வீட்டையும் விரிவாக ஆராய்ந்து, 2008இல் தடித்த நூலாக வெளியிட்டார். நல்ல நூல். அதன் சாரத்தை எந்த உம்மம்மாவும் ஒரு வாய் வெற்றிலை மெல்லும் நேரத்தில் சொல்லியிருப்பார். அவரிடம் அடிக்குறிப்பு மட்டும்தான் இல்லை.

ஆகவே, செல்வத்தைக் காசாக வைக்காமல் வயலிலும் கழுத்திலும் வைத்தவருக்குத் திருத்திய சூத்திரம்: ஆண்டுச் செலவின் 25 மடங்கு, கூட்டல் மகள்களின் எண்ணிக்கை பெருக்கல் ஒரு வீடு. மூன்று மகள்களின் வாப்பா ஒருவர் டோஹாவில் பதினைந்து வருடம் உழைத்து அனுப்பியதெல்லாம் சீமெந்தாகி நிற்கும்போது, அவரைச் சிக்கனமற்றவர் என்று எந்த நிதி ஆலோசகரும் சொல்லத் துணியக்கூடாது. அவர் செலவழிக்கவில்லை, அவர் சேமித்தது வேறொருவர் பெயரில் இருக்கிறது.

நேர்மையான ஆய்வு எதிர்ச் சான்றையும் தரவேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயைச் சுற்றி நின்ற டொலர், மே மாதத்தில் 360ஐ எட்டியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிய பணவீக்கம் 69.8 வீதம். அவ்வாண்டு ஜனவரியில் அவசரப்பட்டு ரைஸ் குக்கர், மின்விசிறி, தேவையில்லாத கோப்பை எல்லாம் வாங்கிக் குவித்தவர் முழுநாட்டின் ஏச்சையும் வாங்கியிருப்பார். வருட இறுதியில் அவரே புத்திசாலி. பொறுமையோடு காசைப் பூட்டி வைத்தவர் திறந்து பார்க்கையில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்குக்குத்தான் சாமான் வந்தது. மிஷலின் பிள்ளை பொறுத்திருந்து, இரண்டாவது இனிப்புக்குப் பதிலாக முதலாவதன் ஒரு பகுதியை மட்டும் பெற்ற கதை இது.

முன்கூட்டிய ஓய்விலும் அவ்வருடமே சாதனை படைத்தது. அரச ஊழியரின் ஓய்வு வயது 2022 ஜனவரியில் 65 ஆக உயர்ந்தது. அதே ஆண்டின் முடிவோடு 60க்கு இறங்கியது. ஒரு சதம்கூடச் சேமிக்காமல் ஐந்து வருடம் முன்னதாக ஓய்வு பெற்ற லிகிதர்களை இத்துறையின் அறிஞர்கள் இனியேனும் பேட்டி காணவேண்டும்.

கட்டுப்பாட்டு முறைகளில் இங்கே உண்மையில் வேலை செய்வது சீட்டு. ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் 2004இல் ஒரு திட்டத்தை விவரித்தனர்: வரப்போகும் சம்பள உயர்வின் ஒரு பகுதியை இன்றே சேமிப்புக்கு ஒப்புக்கொடுத்துவிட்டால், காசு கைக்கு வருமுன்னே போய்விடும், ஆசைக்கு இடமிருக்காது. அது பலித்தது. 2017இல் தேலருக்குப் பொருளியல் நோபல் பரிசும் கிடைத்தது. மாதம் பிறந்ததும் வாசலில் வந்து நின்று, “புள்ள, சீட்டுக் காசு” என்று கேட்கும் ராத்தா அதே கொள்கையை ஒரு கொப்பியும் அரைப் பென்சிலும் கொண்டு நடத்துகிறார். வட்டி இல்லை, கையொப்பம் இல்லை. கட்டாதவரின் பெயர் மஃரிபுக்கு முன் தெரு முழுக்கத் தெரியும் என்ற ஒரே உத்தரவாதம். ஸ்டொக்ஹோம் அவரை அழைக்கவில்லை. அவருக்குக் கிடைப்பது முதலாவது சீட்டு மட்டுமே.

இணையச் செலவுக்கும் இதே மருந்துதான். நவம்பர் 11இல் டராஸ் இணையக் கடையின் தள்ளுபடி திறக்கிறது, மூன்று தவணையில் கட்டலாம் என்கிறது திரை. வட்டி இல்லை என்பதால் மனச்சாட்சியும் வாய் திறப்பதில்லை. பொருளைக் கூடையில் போட்டுவிட்டு சுபஹுக்குப் பின் பார்ப்போம் என்று படுத்தவர்களில் பலர் காலையில் எதைப் போட்டோம் என்பதையே மறந்திருக்கிறார்கள். மறக்காதவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதலில் ராத்தாவின் சீட்டுக் காசைக் கொடுங்கள், பிறகு போனைத் திறவுங்கள், தீப்பெட்டி வாங்கியாகிவிட்டதா என்றும் ஒருமுறை உம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.