பலா மரத்து ஏரியல்

கொல்லிமலைக்காரர்களுக்கு வானொலி விஷயத்தில் எப்போதுமே கொஞ்சம் திமிர் உண்டு. கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டர் மேலே குடியிருப்பவனுக்கு, எந்த அலை வந்தாலும் முதல் மரியாதை தனக்குத்தான் என்ற நினைப்பு. அந்த நினைப்பில்தான் வாசல் பலா மரத்தில் ஏறி, உச்சிக் கிளையில் செம்புக் கம்பியைக் கட்டிவிட்டு இறங்கி வந்தேன். அப்பா நாமக்கல்லில் தவணைக்கு வாங்கிவந்த மர்பி வானொலிப் பெட்டியில் கொழும்பின் இலங்கை வானொலி கணீரென்று பேசியது. சிற்றலை வானத்து அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, ஏரியல் கட்டாதவன் வீட்டிலும்தான் இறங்கும் என்பதெல்லாம் அந்த வயதில் யாருக்குத் தெரியும்? என்னால்தான் பேசியது.

கொழும்பை இப்படி நம் திண்ணையில் கொண்டுவந்து உட்கார வைத்த புண்ணியவான் நம் டெல்லி அமைச்சர் பி. வி. கேஸ்கர்தான் என்று பின்னாளில் தெரிந்தபோது சிரித்துவிட்டேன். 1952-ல் பதவிக்கு வந்தவர், சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று அகில இந்திய வானொலியிலிருந்து அதை ஓரங்கட்டி, சாஸ்திரிய சங்கீதத்தை ஊட்டப் பார்த்தார். ஜனங்கள் காதைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டிப் போய்விட்டார்கள். 1957 அக்டோபர் 3-ல் விவித் பாரதியைத் தொடங்கிக் கூப்பிட்டுப் பார்த்தும், போனவர்கள் அவ்வளவு சுலபத்தில் வீடு திரும்பவில்லை.

எங்கள் வீட்டில் அந்தப் போட்டி ஒரே பெட்டிக்குள் நடந்தது. அப்பா திருச்சி வானொலிக் கட்சி. 1939-லிருந்து ஒலிக்கிற நிலையம், அதன் வயதுக்காவது மரியாதை வேண்டாமா என்பார். ஆடுதுறை 27 ரகத்துக்குத் தஞ்சைப் பக்கம் 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்த அளவுக்கு அதன் வேளாண் நிகழ்ச்சிகளுக்கு மவுசு. மலைச்சரிவில் சாமையும் தினையும் விதைத்த அப்பாவும் காவிரிப் பாசனத்துக்கான யோசனைகளை ஒரு நாள் விடாமல் கேட்டுத் தலையாட்டினார். நான் இலங்கை வானொலி அறிவிப்பாளர் கே. எஸ். ராஜா கட்சி. அந்த மனிதர் மூச்சுவிடாமல் பேசுகிற வேகத்தில் சினிமா விளம்பரம்கூட வில்லிலிருந்து விட்ட அம்பாகப் பாயும். "இவன் எப்பத்தான்டா மூச்சு விடுவான்?" என்று அப்பா முள்ளைத் திருப்பிவிடுவார்.

அதே வானொலியில் பி. எச். அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' கேட்டுக் கேட்டு, லகர ளகர ழகரங்களை அவரைப் போலவே பிரித்து உச்சரிக்கப் பழகியிருந்தேன். பழகியதை எங்காவது காட்ட வேண்டுமே, சோளக்காடு சந்தையில் "இந்த அன்னாசிப் பழத்தின் விலை என்னவோ?" என்று கேட்டேன். பழக்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, வெளியூர்க்காரன் என்று முடிவுகட்டி, விலையை ஏற்றிச் சொன்னது.

அப்புறம் அந்த 15 காசு அஞ்சலட்டை. நேயர் விருப்பத்துக்கு எழுதும்போது பாட்டை ஒரு வரியிலும் பெயர்களை மீதி அட்டை முழுக்கவும் நிரப்புவோம். சித்தப்பா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், பெயர் வைக்காத கைக்குழந்தைக்கும் ஒரு பெயர். வாரக்கணக்கில் காத்திருந்து, ஒருநாள் கரகரப்புக்கு நடுவே ஊர் பெயரும் பாதிப் பெயர்களும் வந்துவிட்டால் போதும், என்ன பாட்டுப் போட்டார்கள் என்று யாரும் கவனித்ததில்லை. உங்கள் வீட்டிலும் அப்படித்தானே?

அப்பாவும் நானும் சண்டையில்லாமல் கேட்ட ஒரே குரல் தென்கச்சி கோ. சுவாமிநாதனுடையது. 'இன்று ஒரு தகவல்' சொல்ல வருவதற்கு முன் திருநெல்வேலி வானொலியில் விவசாய நிகழ்ச்சி நடத்தியவர் என்பதால் அப்பாவுக்கு அவர் 'நம்மாளு'. கடைசியில் வரும் சிரிப்புக் கதைக்காக எனக்கும் நம்மாளு.

வானலை பொதுச் சொத்து என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2000-களில் தனியார் பண்பலைகள் வந்து இறங்கின. இப்போது மலையுச்சியில் முள்ளே தேவையில்லை, பொத்தானைத் தட்டினால் சேலத்துச் சூரியன் பண்பலையும் கோடைக்கானலின் 100.5-ம் துல்லியமாக வருகின்றன. வந்த தனியாருக்குச் சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்க அனுமதியில்லை. அதனால் செய்தி தவிர மற்ற எல்லாவற்றையும் பேசித் தீர்க்கிறார்கள்: காதல் தோல்வி, மாமியார், நேற்று வைத்த புளிக்குழம்பு. போட்டி கடுமை என்கிறார்கள். இருக்கலாம், இங்கே பாதியில் விட்ட பாட்டை அடுத்த நிலையத்தில் தொடர்ந்து கேட்க முடிகிற அளவுக்குக் கடுமை. அஞ்சலட்டையும் இல்லை, காத்திருப்பும் இல்லை. போன வாரம் அக்கா மகன் ஒரு பண்பலைக்குப் போன் போட்டவுடன் லைன் கிடைத்துவிட்டது. "கொல்லிமலையா! அங்க சித்தருங்க இன்னும் இருக்காங்களா?" என்று அறிவிப்பாளர் பெண் கேட்க, "ஒருத்தர்தானுங்க பேசிட்டு இருக்கேன்" என்றான் இவன். பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தப் பெண் அடுத்து ஐந்து நிமிடம் பேசியபோது, "இது எப்பத்தான் மூச்சு விடும்?" என்று என் வாயிலிருந்தே வந்துவிட்டது.

இந்தப் பண்பலைக்கும் ஒரு பலவீனம் உண்டு. நேர்க்கோட்டில் மட்டுமே பயணிக்கும் அலை அது. எங்கள் மலைப்பாதையிலோ எழுபது கொண்டை ஊசி வளைவு. காரவள்ளியில் தொடங்கிய பாட்டு ஒரு வளைவில் மறைந்து, மறு வளைவில் வேறு விளம்பரமாக எட்டிப் பார்க்கும். வெறுத்துப்போன பஸ் டிரைவர்கள் பென்டிரைவுக்கு மாறிவிட்டார்கள். ஒருநாள் ஒருவர் போட்டதோ 'சிலோன் ரேடியோ ஹிட்ஸ்'. அத்தனையும் அந்தக் காலத்துப் பாட்டுகள், அறிவிப்பாளர்தான் இல்லை. இரண்டு பாட்டுக்கு இடையில் விழுந்த வெற்றிடம் பொறுக்காமல் நான் ராஜாவின் வேகத்தில் படப் பெயரும் பாடியவர் பெயரும் சொல்லிவிட்டேன், சற்று உரக்கவே. பக்கத்து சீட்டுப் பையன் காதில் செருகியிருந்ததைக் கழற்றினான்.

"ஏனுங்க, எறங்கோணுங்களா?"