கால்பந்தில் வினைத்தொகை

பள்ளியில் வினைத்தொகை படித்து மறந்துபோனவர்கள், இந்த ஆய்வுக்குள் நுழையுமுன் ஓர் ஊறுகாய்ப் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நலம். ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என்று மூன்று காலமும் உள்ளே ஒளிந்திருக்க, வெளியே ஒன்றையும் காட்டிக்கொள்ளாமல் இருப்பதால் ஊறுகாய் வினைத்தொகை ஆயிற்று. இலக்கண ஆசிரியர்கள் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை திண்டுக்கல்லில் நடக்கும் ஜூனியர் கால்பந்து மேட்ச் ஒன்றைக்கூட அவர்கள் பார்த்ததில்லை என்பதே அதற்குக் காரணம். பார்த்திருந்தால் காயை விட்டுவிட்டுப் பதினைந்து வயசுப் பையனை எடுத்துக்காட்டாகப் போட்டிருப்பார்கள். ஆடினான் என்று சொல்ல அவனுக்கு இன்னும் சரித்திரம் கிடையாது. ஆடுகிறான் என்று அடித்துச் சொல்லவும் முடியாது, பாதி நேரம் விழுந்துதான் கிடக்கிறான். ஆடுவான் என்கிறார் கோச். அவன் விழுந்து கிடக்கும் இடத்துக்கு ஆடுகளம் என்று பெயர் இருப்பதையும், அதுவும் வினைத்தொகையாகவே இருப்பதையும் தற்செயல் என்று நம்ப இவ்வாய்வாளர் தயாரில்லை.

ஒரு கிளப்பின் பெரிய டீம் ஆடும்போது வீட்டில் காலாட்டிக்கொண்டு படுத்திருந்துவிட்டு, அதன் ஜூனியர் டீமும் இரண்டாவது டீமும் ஆடினால் மட்டும் தொப்பியைத் தேடுகிற ரசிகன்தான் இங்கே ஆய்வுப் பொருள். கிளப்பின் பெயர் வேண்டாம். ஆய்வாளரும் ஆய்வுப் பொருளும் ஒரே ஆள் என்பதை மட்டும் நேர்மை கருதிப் பதிவு செய்கிறேன். களம், பெரும்பாலும் புனித மரியன்னை மேல்நிலைப் பள்ளி மைதானம். அது கிடைக்காத நாளில் எது கிடைக்கிறதோ அது. நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் டி.என்.பி.எல். கிரிக்கெட் பார்க்கத் திரளும் கூட்டத்தையும், 2024இல் அஸ்வின் தலைமையில் திண்டுக்கல் டிராகன்ஸ் கோப்பை வாங்கியதையும் இந்த ஆய்வு கணக்கில் எடுக்கவில்லை. அங்கே லைட் போட்டு ஆடுகிறார்கள். இங்கே வெயில் போட்டு ஆடுகிறார்கள். இரண்டும் வேறு துறை.

முதலில் சொல்லாராய்ச்சி. இலங்கைத் தமிழர் உதைபந்தாட்டம் என்பார்கள், சிங்கப்பூரில் காற்பந்து, நமக்குக் கால்பந்து. பெரிய டீமுக்கு இத்தனை பெயர் இருக்க, இரண்டாவது டீமுக்குத் தமிழில் மரியாதையாக ஒரு சொல் இல்லை. ‘பி டீம்’ என்கிறோம். அது இந்த மண்ணில் விளையாட்டுச் சொல்லாகவே இல்லை, தேர்தல் காலத்து வசைச்சொல். “பி டீம் மேட்சுக்குப் போறேன்” என்று ஒருநாள் டீக்கடையில் சொன்னேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தாமலே கேட்டார்: “எந்தக் கட்சிண்ணே?”

பழைய சொல் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. தெருவில் பெரிய பிள்ளைகள் விளையாடும்போது அழுதுகொண்டு வந்து நிற்கும் பொடியனையும் சேர்த்துக்கொள்வார்கள். அவன் அவுட் ஆனாலும் அவுட் இல்லை, பிடித்தாலும் பிடித்த கணக்கில்லை. அவன்தான் ஒப்புக்குச் சப்பாணி. உலகத்தின் முதல் ரிசர்வ் ஆட்டக்காரன் அவனே என்பது என் துணிபு. இதில் ஒரு பாடபேதம் உண்டு. பாதிப் பேர் ‘ஒப்புக்கு’ என்கிறார்கள், பாதிப் பேர் ‘உப்புக்கு’. ஒப்புக்கு என்றால் பேருக்கு என்று பொருள் நேராக வந்து விழுகிறது. அறிஞர்கள் அந்தப் பக்கம் சாய்வார்கள். நான் உப்புக் கட்சி. ஊறுகாய்க் கோட்பாட்டை முன்வைத்தவன் உப்பைக் கைவிட முடியாது.

இனி வரலாறு. 1980இல் ஸ்பெயின் நாட்டு அரசர் கோப்பையின் இறுதிப் போட்டிக்கு இரண்டு டீம் வந்தன. ஒன்று ரியல் மாட்ரிட். மற்றொன்று கஸ்டியா, அதாவது ரியல் மாட்ரிட்டின் ரிசர்வ் டீம். ஜூன் 4ஆம் தேதி அவர்கள் சொந்த மைதானத்திலேயே மாமனாரும் மருமகனும் மோதுவதுபோல மோதினார்கள். மாமனார் 6–1 என்று ஜெயித்தார். அன்று அங்கே உட்கார்ந்திருந்த ரசிகன் யாருக்குக் கை தட்டினான் என்பதைப் பற்றி யாரும் இதுவரை ஒரு முனைவர் பட்டம்கூட வாங்கவில்லை. சமாச்சாரம் அதோடும் முடியவில்லை. பெரியவர் லீக்கையும் ஜெயித்திருந்ததால், கோப்பை வென்றோருக்கான ஐரோப்பியப் போட்டிக்குச் சிறியவரை அனுப்பினார்கள். எதிரே லண்டன் வெஸ்ட் ஹாம். முதல் ஆட்டத்தில் கஸ்டியா 3–1 என்று அடித்தது. ஆனால் மாட்ரிட் வந்த வெஸ்ட் ஹாம் ரசிகர்கள் செய்த ரகளையால் லண்டனில் நடந்த மறு ஆட்டத்துக்குக் கூட்டம் கூடாது என்று தடை. வெஸ்ட் ஹாம் 5–1 என்று ஜெயித்த அந்த ஆட்டத்தில் உள்ளே இருந்தவர்கள் 262 பேர் என்று பதிவாகியிருக்கிறது.

இந்த எண்ணை ஐரோப்பாக்காரர்கள் ஏதோ சோகக் கதைபோலச் சொல்கிறார்கள். எந்தத் தடையும் போடாமல், மைக்செட் கட்டிக் கூப்பிட்டும், எங்கள் மைதானத்துக்கு 262 பேர் வந்தால் கேசரி கிண்டி ஊருக்கே கொடுப்போம்.

திண்டுக்கல்லுக்கு ரிசர்வ் ஆட்டம் புதிதல்ல என்பதற்கும் சான்று உண்டு. 1755இல் மைசூர் அரசு ஒருவரைத் திண்டுக்கல்லுக்கு ஃபௌஜ்தாராக, அதாவது படைத் தலைவராக, அனுப்பியது. மலைக்கோட்டையில் இருந்துகொண்டு படை சேர்த்தார், பிரெஞ்சுக்காரர்களிடம் பயிற்சி எடுத்தார், ஆறே வருஷத்தில் மைசூர் முழுவதும் அவர் கைக்குப் போனது. ஹைதர் அலி. மெயின் டீமுக்கு ஏறுமுன் எங்கள் ஊரில் ரிசர்வில் ஆடியவர் என்றுதான் இதற்குப் பொருள். கோட்டைக்குக் கீழே வெற்றிலை போட்டுக்கொண்டு நின்ற யாரோ ஒரு கிழவர் “இவன் மேல வருவான் பாரு” என்று சொல்லியிருப்பார், சரித்திரத்தில் அவர் பெயர் இல்லை. எங்கள் சங்கத்தின் ஆதி உறுப்பினர் அவர்தான். ஹைதருக்கு அப்போதே முப்பதைத் தாண்டிவிட்டது என்பது ஒரு நெருடல். ஆனால் ஜூனியர் டீமில் வயசு விஷயத்தை ரொம்பக் கிளறக் கூடாது என்பது அன்றைக்கும் வழக்கம் போலும்.

கிளறத்தான் செய்கிறார்கள் இப்போது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் இளையோர் போட்டி என்றால் இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து, எலும்பு எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பார்த்து வயசு சொல்கிறார்கள். அந்த முறைக்கு டி.டபிள்யூ.3 என்று பெயர். உள்ளூர் ஆட்டத்தில் அந்த வசதி கிடையாது, மீசைதான் எலும்பு. பதினாலு வயசுக்குட்பட்டோர் ஆட்டத்தில் எதிர் டீம் சென்டர் ஃபார்வர்டு டாஸ் போடும்போது மீசையை நீவினால், எங்கள் பக்கத்துத் தகப்பன்மார் ஒரே குரலில் “சார், சர்ட்டிபிகேட்!” என்பார்கள். இதே தகப்பன்மார், எங்கள் கோல்கீப்பர் பாதியில் போன் எடுத்து “பாப்பாவ எறக்கி விட்டுட்டு வந்துர்றேன்” என்று பேசினால் மலைக்கோட்டையை ரசித்துக்கொண்டிருப்பார்கள்.

தற்காப்பு ஆட்டத்தைப் பற்றி ஒரு துணை ஆய்வு. 1960களில் இன்டர் மிலான் டீமும் அதன் கோச் எலேனியோ எரேராவும் பேர் வாங்கிய ஆட்டமுறைக்குக் கதெனாச்சோ என்று பெயர். இத்தாலிய மொழியில் தாழ்ப்பாள். தாழ்ப்பாளுக்கே இத்தனை புகழ் என்றால், 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டை வைத்திருக்கும் எங்கள் ஊர் எப்படித் தடுத்து ஆட வேண்டும்? மாங்காய்ப் பூட்டு மாதிரி வாயைத் திறக்கக் கூடாது. நான் கண்ட உண்மை வேறு. எங்கள் ஜூனியர் டீமின் நான்கு பேக்கும் பந்து எங்கே போனாலும் கல்யாண வீட்டு போட்டோகிராபர் பின்னால் போகிற குழந்தைகள் மாதிரி ஒன்றாகவே ஓடுகிறார்கள். பூட்டு இருக்கிறது, சாவியை எதிர் டீமிடம் கொடுத்துவிட்டுத்தான் ஆட்டத்தையே தொடங்குகிறார்கள்.

பார்வையாளரை இருவகையாகப் பிரிக்கலாம்: பையன் உள்ளவர், பையன் இல்லாதவர். பையன் உள்ளவருக்குக் கால்பந்து பார்க்கத் தெரியாது, அவர் பையனை மட்டும் பார்ப்பார். பந்து அந்தக் கோடியில் வலைக்குள் விழுந்து கூட்டம் கத்தும்போதும் அவர் இந்தக் கோடியில் பையன் சாக்ஸை ஏற்றிவிடுவதைக் கவனித்துக்கொண்டிருப்பார். அம்மாக்கள் குளுக்கோஸ் கரைத்த பாட்டிலோடு கோட்டின் ஓரமாக ஓடுவதைக் கணக்கெடுத்தால், லைன்ஸ்மேனைவிட அதிக தூரம் அவர்கள்தான் ஓடுகிறார்கள். இவர்களுக்கும் வேப்பமரத்து நிழலுக்கும் உள்ள உறவு தனி இயல். காலையில் நிழல் எங்கள் கோல் பக்கம் விழும், எல்லோரும் நம் பக்கம். வெயில் ஏற ஏற நிழல் மரத்தடிக்கே சுருங்கும், இரண்டு டீம் ஆதரவாளர்களும் தோளோடு தோள் இடித்து நிற்பார்கள். அதற்குப் பிறகு யாரும் நடுவரைத் திட்டுவதில்லை. நடுவரும் தண்ணீர் குடிக்க அங்கேதான் வர வேண்டும்.

பையன் இல்லாதவன் நிலைமை கஷ்டம். ஒருமுறை பக்கத்தில் நின்றவர் விசாரணையைத் தொடங்கினார்.

“உங்க பையன் எதுங்க?”

“எம் பையன் யாரும் ஆடலைங்க.”

“அக்கா மகனா?”

“இல்லைங்க.”

“பள்ளிக்கூடத்துல வாத்தியாரா இருக்கீங்களா?”

“இல்ல.”

அவர் அரை அடி தள்ளி நின்றார். “அப்ப என்னத்துக்கு வந்துருக்கீங்க?”

இந்தத் துறையின் அடிப்படைக் கேள்வி இதுதான். இதற்கு நான் பல வருஷமாகச் சொல்லிவந்த விடை, முதலீடு. என்றைக்காவது இவர்களில் ஒருத்தன் பெரிய ஆளாகி டி.வி.யில் வருவான். அப்போது சோபாவில் சாய்ந்துகொண்டு, “இவனை நான் பொடிப் பையனா இருக்கும்போதே பாத்துட்டேன்” என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இத்தனை வெயில். 2023 ஆகஸ்ட் 12 அன்று டுராண்ட் கோப்பையில், மோகன் பகானிடம் வரிசையாக எட்டு டெர்பி தோற்றிருந்த ஈஸ்ட் பெங்காலுக்குச் சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் ஒரே கோல் போட்டு ஜெயித்துக் கொடுத்தார். அன்று ராத்திரி, அவர் சின்ன வயசில் ஆடியதை நேரில் பார்த்ததாகச் சொன்னவர்கள் அத்தனை பேரும் உண்மையிலேயே பார்த்திருந்தால், அந்தக் காலத்து மைதானத்துக்கு இரண்டு அடுக்கு கேலரி கட்டியிருக்க வேண்டும்.

என் முதலீட்டின் கதியையும் சொல்லிவிடுகிறேன். 2017 அக்டோபரில் பதினேழு வயசுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தது. ஆறு ஊர், தமிழ்நாட்டில் ஒன்றும் இல்லை. எங்களுக்குப் பக்கம் கொச்சி. பழனி, பொள்ளாச்சி, பாலக்காடு என்று இறங்கிப் போய் 7ஆம் தேதி பிரேசில்–ஸ்பெயின் ஆட்டத்தில் உட்கார்ந்தேன். பிரேசில் 2–1. ஸ்பெயினுக்கு விழுந்த ஒரு கோலும் பிரேசில்காரர் காலில் பட்டுப் போனது. என் குறிப்பேட்டில் ‘வருங்கால நட்சத்திரம்’ என்று மூன்று பேருக்கு அடிக்கோடு போட்டேன், மூவரும் மஞ்சள் சட்டை. மூன்று வருஷம் கழித்து மான்செஸ்டர் சிட்டி ஒரு ஸ்பானியப் பையனை வாங்கியது, ஃபெரான் டோரஸ். பிறகு பார்சிலோனாவுக்கும் போனார். அந்தப் பெயர் எங்கோ கேட்டதாக இருக்கிறதே என்று பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். அன்றைய ஸ்பெயின் டீமில் இருந்திருக்கிறார். பெயருக்கு நேரே என் கையெழுத்தில் ஒரு வரியும் இல்லை. அவர் பெயருக்கு மேல் பழம்பொரி எண்ணெய்க் கறைதான் இருந்தது.

உள்ளூர் முதலீடும் அப்படித்தான். குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று பள்ளிப் போட்டிகளில் படி ஏறுகிற பையன்களில் ஒருத்தனுக்கு விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கும், ஒருத்தன் போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகுவான், ஒருத்தன் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீதத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டு சர்ட்டிபிகேட்டை லேமினேட் செய்வான். சென்னையின் எஃப்.சி. ரிசர்வ் டீமைப் பற்றிக் கனவு காண்கிறவனும் உண்டு. ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் இளையோருக்காக 2022இல் எட்டு டீமோடு தொடங்கிய லீக்கில் சென்னையின் பையன்களும் ஆடினார்கள், அதுவும் கோவாவில் போய். பெரிய டீமின் பி டீமையே பார்க்க இரண்டு மாநில எல்லையைப் பற்றி யோசிக்க வேண்டியிருந்தது. ஆம்ஸ்டர்டாம்காரன் கொடுத்து வைத்தவன். அயாக்ஸ் கிளப்பின் இளையோர் ஆடும் இடத்துக்கு ‘எதிர்காலம்’ என்றே அவர்கள் மொழியில் பெயர் வைத்துவிட்டார்கள். இலக்கணம் தெரிந்தவர்கள்.

சென்ற மாதம் ஆட்டம் ஏழு மணிக்கு என்றார்கள். எட்டரைக்குத் தொடங்கியது. எழுபது நிமிஷமாக பெஞ்சில் உட்கார்ந்து, ஷூ லேஸை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்த ஒல்லிப் பையனைக் கடைசி ஐந்து நிமிஷத்துக்கு இறக்கினார்கள். 14ஆம் நம்பர். இரண்டே தடவை பந்தைத் தொட்டான். முதல் தடவை கோட்டுக்கு வெளியே போனது. இரண்டாவது தடவை, மேலிருந்து வந்த பந்தை நெஞ்சில் வாங்கி, தரையில் பட விடாமல், பார்க்காமலே இடது பக்கம் தட்டிவிட்டான். அங்கே நம் ஆள் யாரும் இல்லை. இருந்திருக்க வேண்டும். விசில் ஊதிவிட்டார்கள்.

வேப்பமரத்தடிக்கு வந்தவன் என் குறிப்பேட்டைப் பார்த்தான்.

“சார், நீங்க செலக்‌ஷன்ல இருந்து வந்துருக்கீங்களா?”

“இல்லப்பா. சும்மா பாக்க வந்தேன்.”

“சும்மாவா?” நம்பவில்லை. கொஞ்சம் யோசித்தான். “அப்ப அடுத்த வாரமும் வாங்க சார். ஃபர்ஸ்ட்ல இருந்தே எறக்குறேன்னு பி.டி. சார் சொல்லிருக்காரு.”

பெயர் கேட்பதற்குள் யாரோ கூப்பிட்டார்கள், ஓடினான். நம்பரையாவது எழுதிக்கொள்ளலாம் என்று பேனாவைத் திறந்தேன். அந்தக் கோடியில், அடுத்த ஆட்டத்துக்கு வந்து நின்ற ஒரு குண்டுப் பையனிடம் 14ஆம் நம்பர் சட்டையைக் கழற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.