பந்து ஒட்டிக்கொண்டால்: பத்தமடைத் தம்பிமார்களுக்குச் சில யோசனைகள்

பஸ் ஏறித் திருநெல்வேலிக்குப் போய், மணிக்கணக்கில் மேசை வாடகை கொடுத்து ஸ்நூக்கர் ஆடும் பத்தமடைத் தம்பிமார்களுக்காக இது. மற்ற ஊர்க்காரர்கள் படித்தாலும் ஆட்சேபணை இல்லை.

சிவப்பை அடிக்க வேண்டிய முறை. உங்கள் வெள்ளைப் பந்து ஒரு சிவப்பைத் தொட்டபடி நிற்கிறது. முதல் வேலையாக முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் உங்களுக்கு யோகம் அடித்திருக்கிறது. அடிக்க வேண்டிய பந்தை வெள்ளை தொட்டு நின்றால், அதை அடித்தாயிற்று என்றே ஸ்நூக்கரில் கணக்கு. வெள்ளையை விலக்கி அடித்தால் போதும், அது வேறு எதிலும் படாமல் போனாலும் ஃபவுல் இல்லை. மறு கோடிக்கு அனுப்பிப் பச்சைக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல க்யூவுக்குச் சாக்பீஸ் தடவிக்கொண்டிருக்கலாம்.

ஒரே நிபந்தனை, அந்தச் சிவப்பு அசையக் கூடாது. அசைந்தால் அது 'புஷ்', எதிராளிக்கு 4 புள்ளி. ஒட்டி நிற்பது கறுப்பு என்றால் சலுகையும் கிடையாது: அதை அசைக்காமல் விலகிப் போய்ச் சிவப்பில் பட்டாக வேண்டும். கறுப்பை அசைத்தால் 7 போய்விடும்.

எந்தத் திசையில் அடிப்பது? இரண்டு பந்தின் நடுவையும் சேர்த்து மனசில் ஒரு கோடு போடுங்கள். ஒட்டின இடத்தில் அதற்குச் செங்குத்தாக இன்னொன்று. அந்தக் கோட்டுக்கு உங்கள் பக்கம் முழுக்க உங்கள் ராஜ்யம். அந்தப் பக்கம் ஒரு நூல் சாய்ந்தாலும், "லேசாத்தான்ண்ணே உரசிச்சு" எல்லாம் செல்லாது. திண்ணையில் கேரம் ஆடினவர்களுக்கு இது புரியும்: ஸ்ட்ரைக்கரைச் சுண்டலாம், தள்ளக் கூடாது.

சரி, ஒட்டித்தான் இருக்கிறதா? போட்டி என்றால் நடுவர் குனிந்து பார்த்து, 'டச்சிங் பால்' என்று அவரே சொல்லிவிடுவார். பார்லரில் நடுவருக்கு எங்கே போவது? இங்கேதான் நம்மூர்ச் சரக்கு உதவும். பட்டுப்பாய் நெய்கிற வீட்டில், தண்ணீரில் ஊறப்போட்டு நூலாகக் கிழித்த கோரையில் ஓர் இழை கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பந்துகளுக்கு நடுவே இழை நுழைந்தால் ஒட்டவில்லை, நுழையாவிட்டால் ஒட்டியிருக்கிறது. பிரமாதமான யோசனை, ஒரே ஒரு குறைதான்: இழை பந்தில் பட்டால் அதுவே ஃபவுல். ஆகவே இழையை எடுத்துக் காட்டி மிரட்டுவதோடு நிறுத்திக்கொண்டு, செல்போன் டார்ச் அடித்து இடைவெளியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். கேட்பதையும் குனிவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள்: "வே, ஒட்டிருக்கா, இல்லியா?" அடித்த பிறகு கேட்டால் பதில் எப்படி வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

"நாங்க அதுமேலயே அடிப்போமே" என்று ஒருவர் குறுக்கே வருவார். அவர் பூல் ஆடுகிறவர். பொய் சொல்லவில்லை. உலகப் பூல் விதிகளில், தொட்டு நிற்கும் பந்தை நோக்கியே அடிக்கலாம், அடி ஒழுங்கான அடியாக இருந்தால் சரி. பழைய பில்லியர்ட்ஸ் இன்னும் தாராளம்: ஒட்டிவிட்டால் சிவப்பு அதன் புள்ளிக்குப் போகும், எதிராளியின் பந்து நடுப்புள்ளிக்குப் போகும், உங்கள் பந்து உங்கள் கைக்கே வந்துவிடும். எந்த ஆட்டம் என்று முதலில் பேசிக்கொள்ளாமல் சண்டைக்கு இறங்காதீர்கள்.

இறங்கிவிட்டால், கடைசி அஸ்திரம் ஊட்டி. 1875-ல் ஜபல்பூர் ராணுவ மெஸ்ஸில் நெவில் சேம்பர்லின் ஆரம்பித்துவைத்த ஸ்நூக்கர் ஆட்டத்துக்கு, 1882-ல் விதிகளை எழுதி மாட்டியது ஊட்டி கிளப் பில்லியர்ட்ஸ் அறையில்தான். "சட்டம் எழுதினதே நம்ம ஊட்டியில, எனக்கா சொல்லுத?" என்று கேளுங்கள். ஒட்டின பந்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் உடனே யோசிக்க மாட்டார்கள்.

அப்படியும் எதிராளி மசியாவிட்டால், சுவர்க் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு 4 புள்ளியைக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் வாதாடுகிற நேரத்துக்கும் மேசைக்காரர் வாடகை போடுகிறார்.